வாரண்டி முடிந்த பிறகு வந்த பச்சைக் கோடு: பணம் யார் கட்ட வேண்டும்?

கேள்வி இதுதான்: "32,000 ரூபாய்க்கு வாங்கிய போன், 17 மாதம் ஆகிறது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. சர்வீஸ் சென்டரில் வாரண்டி முடிந்துவிட்டது, டிஸ்ப்ளே மாற்ற 13,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இதே மாடல் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கோடு வந்திருக்கிறது. நான் ஏன் கட்ட வேண்டும்? சட்டத்தில் எனக்கு ஏதாவது வழி உண்டா?"

வழி உண்டு. ஆனால் வேலை இருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை. 20 வருடத்துக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் வேலை பார்த்தேன். இப்போது எங்கள் ஊர் நுகர்வோர் குழுவில் புகார் எழுதித் தருகிறேன். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரண்டி என்பது கம்பெனி தானே எழுதித் தந்த வாக்குறுதி. ஓராண்டுக்குள் எது பழுதானாலும், ஏன் பழுதானது என்று பெரிதாக ஆராயாமல் சரிசெய்து தருவேன் என்று அது சொல்கிறது. அந்த ஓராண்டு முடிந்ததும் அந்தச் சலுகை முடிகிறது. போன் உங்கள் கைக்கு வந்த அன்றே அதற்குள் ஒரு குறை இருந்ததா, அது பிறகு வெளியே தெரிந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு வாரண்டி அட்டையில் பதில் கிடையாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல்தான் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 2(10) பிரிவு 'குறைபாடு' என்றால் என்ன என்று சொல்கிறது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ ஒரு பொருளுக்கு இருக்க வேண்டிய தரம் இல்லாமல் போனால் குறைபாடு. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்றில்லை, உள்ளடங்கியதாக இருந்தாலும் போதும். விற்பவர் எந்த வகையிலாவது சொன்ன தரம் இல்லாவிட்டாலும் குறைபாடுதான். இதில் 'வாரண்டி காலத்துக்குள்' என்ற சொல் எங்கும் இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் துணைக்கு வரும். அதன் 16-ஆம் பிரிவின்படி, அந்தப் பொருளை வழக்கமாக விற்கும் வியாபாரியிடம் வாங்கினால் அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். வாங்கும்போது நீங்கள் பார்த்து வாங்கியிருந்தால், பார்த்த அளவில் தெரியக்கூடிய குறைக்கு மட்டும் விலக்கு உண்டு. டிஸ்ப்ளேயின் ஓரத்தில் உள்ள ஒட்டு சரியில்லை என்பதைக் கடையில் நின்று யாராலும் பார்க்க முடியாது.

சரி, இந்தக் கோடு ஏன் வருகிறது? இப்போதைய பல போன்களில் உள்ள அமோலெட் திரையில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனி சமிக்ஞைத் தடம் உண்டு. திரையின் விளிம்பில் மயிரிழை போன்ற அந்தத் தடங்கள் திரையை இயக்கும் டிரைவர் சிப்போடு சேர்கின்றன. அந்த இணைப்பிலோ விளிம்பின் அடைப்பிலோ வெப்பமும் ஈரப்பதமும் புகுந்து ஒரு தடம் கெட்டால், அந்த வரிசை முழுவதும் கட்டுப்பாடு இழந்து ஒரே நிறத்தில் எரியும். அப்டேட் போட்ட பிறகு வந்தது என்று பலர் சொல்வதற்கும் காரணம் இருக்கலாம். அப்டேட் போடும்போது போன் நெடுநேரம் சூடாகிறது. ஏற்கெனவே பலவீனமாக இருந்த இணைப்பு அப்போது விட்டுப்போக வாய்ப்பு உண்டு. ஆகவே புகாரில் 'அப்டேட்தான் கெடுத்தது' என்று அறுதியிட்டு எழுதாதீர்கள். 'அப்டேட்டுக்குப் பின் தெரியவந்தது' என்று எழுதுங்கள். காரணத்தை நிரூபிக்கும் சுமையைத் தேவையில்லாமல் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இது கற்பனைக் குற்றச்சாட்டு இல்லை என்பதற்குக் கம்பெனிகளின் நடத்தையே சாட்சி. பச்சைக் கோடு பிரச்சினை பெரிதானதும் ஒன்பிளஸ் 2023-இல் இந்தியாவில் சில மாடல்களுக்கு டிஸ்ப்ளேயை இலவசமாக மாற்றித் தந்தது. 2024 கடைசியில், இந்தியாவில் உள்ள தன் எல்லா போன்களுக்கும் இந்த ஒரு பழுதுக்கு மட்டும் வாழ்நாள் வாரண்டி என்று அறிவித்தது. அதோடு, வெப்பமும் ஈரமும் நுழையாதபடி திரையின் விளிம்பு அடைப்பைப் பலப்படுத்தியிருப்பதாகவும் சொன்னது. 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிப்பதாகவும் விளக்கியது. சாம்சங் 2024-இல் சில எஸ் வரிசை போன்களுக்கு, வாங்கி மூன்றாண்டுக்குள் இருந்தால், ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. இவற்றை நான் பாராட்டாகவே சொல்கிறேன். வாரண்டி முடிந்த பிறகும் சில குறைகளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்க முடியும் என்பதை இந்தத் துறையே ஒத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் போன் வேறு கம்பெனியுடையதாக இருந்தாலும் இந்த அறிவிப்புகளைப் புகாரோடு இணையுங்கள். முதலில் உங்கள் கம்பெனியின் இணையதளத்தில் இப்படி ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கே அது தெரியாமல் இருப்பது சகஜம்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ கேம் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து இயந்திரம் செத்துப்போனபோது, மைக்ரோசாஃப்ட் 2007-இல் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை மூன்றாண்டாக நீட்டியது. அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஆப்பிள் தன் லேப்டாப்களின் மெல்லிய 'பட்டர்ஃபிளை' கீபோர்டுக்கு 2018-இல், வாங்கிய நாளிலிருந்து நான்காண்டு இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது. 2024-இல் இன்டெல் தன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களுக்கு இரண்டாண்டு கூடுதல் வாரண்டி தந்தது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்ச் சிப் சீரழிந்ததுதான் காரணம். இந்த மூன்றும் ஒரு பெட்டி மட்டும் கெட்டுப்போன கதை இல்லை. வடிவமைப்பிலேயே இருந்த தவறுகள்.

உங்கள் வழக்கின் உயிர்நாடியும் அதில்தான் இருக்கிறது. தயாரிப்புக் குறை என்றால் ஆயிரத்தில் ஒன்று, ஆலையில் சரியாகப் பொருத்தப்படாமல் வந்தது. வடிவமைப்புக் குறை என்றால் வரைந்தபடியே சரியாகச் செய்தும் கெட்டுப்போவது. எங்கள் வீட்டு டிவியையே சொல்கிறேன். 19-ஆம் மாதத்தில் படம் இருண்டது, சத்தம் மட்டும் வந்தது. திறந்து பார்த்தேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் எல்இடி பட்டைகளுக்கு அளவுக்கு மீறிய மின்னோட்டம். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி ஓட்டுகிறார்கள். சூட்டை வெளியேற்ற முறையான ஏற்பாடு இல்லை. வந்த டெக்னீஷியனும் நல்ல மனிதர். "இந்த மாடல்ல எல்லா வீட்லயும் இதேதான் சார் போகுது" என்றார். பழுதைப் பதிந்து தரும் ஜாப் ஷீட்டில் மட்டும் 'பேனல் பழுது, வாரண்டி இல்லை' என்று எழுதினார். எனக்கு வயிறு எரிந்தது. எழுத வேண்டிய உண்மையை வாயால் சொல்லிவிட்டு, எழுதும் இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே ஜாப் ஷீட்டில்தான் உங்கள் போர் தொடங்குகிறது. போனைக் கொடுக்கும்போது அவர்கள் எழுதுவதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். 'வெளிப்புறச் சேதம் இல்லை, நீர்க்கசிவு அடையாளம் இல்லை, திரையில் பச்சைக் கோடு' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே நின்று, நீங்கள் சொன்னதையும் அவர் மறுத்ததையும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனின் ஆறு பக்கமும் படம் எடுங்கள். எஸ்டிமேட் தாளை வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் பணம் கேட்டதற்கு அதுதான் ஆதாரம்.

சட்டத்தில் பலர் தவறாகப் பிடிக்கும் ஒரு கிளை உண்டு. 2019 சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் 'தயாரிப்புப் பொறுப்பு' பற்றியது. அதன் 84-ஆம் பிரிவில் 'வடிவமைப்பில் குறை' என்ற சொல்லே இருக்கிறது. அதைப் பார்த்ததும் நமக்கான பிரிவு இதுதான் என்று பாய்ந்து பிடித்துக்கொள்வார்கள். கவனம் வேண்டும். அந்த அத்தியாயம் 'தீங்கு'க்கு இழப்பீடு தருவது. தீங்கு என்றால் என்ன என்று 2(22) சொல்லும்போது, அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. பேட்டரி உப்பி வெடித்து மேசை எரிந்தாலோ கை பொசுங்கினாலோ 84-ஆம் பிரிவு உங்களுக்குப் பெரிய பலம். அங்கே தயாரிப்பாளரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்கக்கூட வேண்டாம். வெறும் பச்சைக் கோட்டுக்கு அந்த வழியில் போனால் எதிர்தரப்பு வழக்கறிஞர் முதல் பத்தியிலேயே உங்களை மடக்கிவிடுவார். நீங்கள் 2(10)-ஐயும், குறையுள்ள பொருளுக்கு நிவாரணம் தரும் 39-ஆம் பிரிவையும் பிடியுங்கள். குறையை நீக்கித் தரவும், மாற்றிப் பொருள் தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடும் செலவுத் தொகையும் தரவும் அந்தப் பிரிவின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஆணையிடலாம்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதி, பொருளையே திரும்பப் பெறச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். 20-ஆம் பிரிவில் அந்த அதிகாரம் உண்டு. ஆனால் அது ஆபத்தான, பாதுகாப்பற்ற பொருள்களுக்கானது. பேட்டரி என்றால் எழுதுங்கள். கோட்டுக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது நிரூபணம். இதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. 'வாரண்டி முடிந்துவிட்டது, உள்ளார்ந்த குறைக்கு நிபுணர் சான்று இல்லை' என்று தள்ளுபடியான புகார்கள் நிறைய உண்டு. குறை இருந்தது என்று காட்டும் முதல் பொறுப்பு புகார்தாரருடையதுதான். ஆனால் அது தாண்ட முடியாத மதில் இல்லை. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு ஹூண்டாய் கார் வழக்கில் தந்த தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் வாங்கிய கார், 2017-இல் விபத்து, ஏர்பேக் விரியவில்லை. விசை எவ்வளவு, எந்தக் கோணத்தில் மோதினால் விரியும் என்றெல்லாம் கம்பெனி தரப்பு வாதிட்டது. வேகம், விசை பற்றிய கோட்பாடுகளை வைத்துக் கணக்குப் போடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் புகாரில் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அதே சமயம் எதிர்ப்பக்கம் வீசும் தீர்ப்பும் ஒன்று உண்டு. 2006-இல் மாருதி தொடர்பான வழக்கில், வாரண்டியில் சொன்னது குறையுள்ள பாகத்தைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும்தான், அதை வைத்து முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இதிலிருந்து நான் கற்ற பாடம், கேட்பதை அளவாகக் கேட்க வேண்டும் என்பது. புதுப் போனும் ஐந்து லட்சம் மன உளைச்சல் இழப்பீடும் கேட்டு எழுதினால் படிப்பவருக்கு நம்பிக்கை போய்விடும். இலவசமாகத் திரை மாற்றித் தர வேண்டும், முடியாவிட்டால் பயன்படுத்திய காலத்துக்குக் கழித்துக்கொண்டு விலையைத் திருப்பித் தர வேண்டும், நியாயமான செலவுத் தொகை வேண்டும். இப்படிக் கேளுங்கள்.

நிபுணர் சான்றுக்கு இரண்டு வழி. கம்பெனியோடு தொடர்பில்லாத ஒரு நல்ல சர்வீஸ் இன்ஜினியரிடம் போனைக் காட்டி, வெளிச்சேதம் இல்லை, பேனலின் உள் இணைப்பில் பழுது என்று பிரமாண வாக்குமூலம் வாங்கலாம். அல்லது வழக்கை விசாரிக்கும் மாவட்ட ஆணையத்திடமே மனுப் போடலாம். ஆய்வு செய்யாமல் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி 38(2)(சி) சொல்கிறது. மத்திய அரசின் எஸ்டிக்யூசி ஆய்வகங்கள் போன்ற இடங்களுக்குப் போகும். கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். 13,500 ரூபாய் வழக்குக்கு அது கட்டுப்படியாகுமா என்று விசாரித்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மற்றவர்களின் அனுபவமும் சாட்சிதான். எதிர்தரப்பு சும்மா இணையத்தில் எடுத்த படங்களை மறுத்துவிடும். அதே மாடல், அதே பழுது உள்ள நான்கைந்து பேரின் பில், ஜாப் ஷீட் நகல், கையெழுத்திட்ட வாக்குமூலம் கிடைத்தால் அதன் எடை வேறு. அவர்கள் எல்லோரும் ஒன்றாகவே 35(1)(சி)-இன் கீழ் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகவும் போடலாம்.

"ஒரு போன் எத்தனை வருடம் உழைக்க வேண்டும்?" என்று எதிர்தரப்பு கேட்கும். இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டின் சட்டம் பொருளின் உழைப்புத்திறனையும் தரத்தின் ஒரு பகுதியாக எழுதி வைத்திருக்கிறது, நார்வேயில் நீண்ட நாள் உழைக்க வேண்டிய பொருளுக்கு ஐந்தாண்டு வரை முறையிடலாம். நம் சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. இது பெரிய ஓட்டை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எண்ணை நாம் வேறு இடங்களிலிருந்து எடுத்துக் காட்டலாம். கம்பெனி தன் விளம்பரத்தில் நான்காண்டு, ஏழாண்டு அப்டேட் தருவேன் என்று சொல்லியிருக்கிறதா? ஒன்றரை வருடத்தில் பார்க்க முடியாமல் போகும் திரைக்கு ஏழாண்டு அப்டேட் எதற்கு? 'விற்பவர் எந்த வகையிலாவது சொன்ன தரம்' என்று 2(10) சொல்வதில் இதுவும் அடங்கும் என்று வாதிடலாம். அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாறிவிடலாம். இன்னொன்று, மின்கழிவு விதிகளுக்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு கருவிக்கும் சராசரி ஆயுள் வைத்திருக்கிறது. ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் 10 ஆண்டு. உற்பத்தியாளர்கள் எவ்வளவு மின்கழிவுக்குப் பொறுப்பு என்பதை அந்த ஆயுளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கழிவுக் கணக்குக்குப் பத்தாண்டு, வாடிக்கையாளர் வந்து நின்றால் ஓராண்டு என்றால் அதை எப்படி ஒத்துக்கொள்வது? ஏசி, ஃபிரிட்ஜ் வழக்குகளில் நான் இதை எழுதாமல் விட்டதே இல்லை.

வாரண்டி அட்டையின் பொடி எழுத்தில் 'இதைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். மற்ற சட்டங்கள் தரும் உரிமைகளோடு கூடுதலாகவே இந்தச் சட்டம் நிற்கிறது என்று 100-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரியே நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனியாகப் போராட நினைத்தால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் வழக்குக்கு அது தேவையில்லை.

நடைமுறை எளிது. முதலில் கம்பெனிக்கும் விற்பனையாளருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம். நீங்களே எழுதலாம். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பெரிய கம்பெனிகள் பல அந்த அமைப்போடு இணைந்திருப்பதால், கவுண்டரில் கிடைக்காத பதில் அங்கே கிடைப்பது உண்டு. பாதி விலையில் மாற்றித் தருகிறோம் என்று வந்தால் யோசியுங்கள். இந்தக் கட்டத்திலேயே நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனியின் அலுவலகம் குருகிராமிலோ பெங்களூருவிலோ இருந்தாலும் கவலையில்லை, 34-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் பதியலாம். தயாரிப்பாளர், விற்ற கடை அல்லது இணைய விற்பனைத் தளம், சர்வீஸ் சென்டர் எல்லோரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் பழி போடுவார். பில் உங்கள் தொழில் நிறுவனத்தின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருந்தால் 'வணிக நோக்கம்' என்று ஆட்சேபிப்பார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு, அதைப் புகாரிலேயே சொல்லிவிடுங்கள். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்த்துவிட்டது. முழு வழக்கையும் மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. உண்மையில் இழுக்கும். என் டிவி வழக்கு 14 மாதம் போய், சமரசத்தில் முடிந்தது. பட்டைகளை மாற்றித் தந்தார்கள், 5,000 ரூபாய் செலவுத் தொகையும் தந்தார்கள்.

காலவரம்பில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். 69-ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. மறைந்திருந்த குறை என்பதால் கோடு தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று நாம் சொல்வோம். வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த வாதத்துக்கே இடம் வைக்காதீர்கள். வாங்கி 17 மாதம் ஆகிறது என்கிறீர்கள், இன்னும் 7 மாதம் இருக்கிறது. அதற்குள் போட்டுவிடுங்கள். கம்பெனியோடு எத்தனை மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டிருந்தாலும் கெடு நீளாது. 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற பதிலை நம்பிக் காத்திருந்தே நாளைக் கடத்திவிட்டவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக, போன் இல்லாமல் உங்களுக்கு ஒரு நாளும் ஓடாது என்றால், காசைக் கொடுத்து இப்போதே திரையை மாற்றிக்கொள்ளலாம். வழக்கு அதனால் செத்துப்போகாது, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் பழைய டிஸ்ப்ளேயைச் சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். மாற்றும் முன் கோடு தெரியும்படி, போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணும் சேர்ந்து தெரியும்படி வீடியோ எடுங்கள். 'ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்' என்று பில்லின் நகலில் எழுதிக் கையெழுத்திட்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, ஜாப் ஷீட் எண்ணை எழுதி ஒட்டி, ஓர் உறையில் போட்டு பத்திரமாக வையுங்கள். தர மாட்டோம் என்றால், தர மாட்டோம் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள்.